மெட்ரோனிடசோல்: மூன்றாம் நாளே வயிறு அமர்ந்துவிட்டால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

அம்பை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரத்திலிருந்து எழுதுகிறேன். என் அப்பாவுக்கு வயது 64. ஏறத்தாழ இரண்டு வாரமாக அவருக்கு வயிறு சரியில்லை. முதலில் சாதாரணக் கழிச்சல் என்று எண்ணி, மாதுளம்பழத் தோலை அவித்துக் கொடுத்தும், மோரும் கஞ்சியுமாகப் பார்த்துக்கொண்டும் நாள்களைக் கடத்திவிட்டோம். பிறகு சளியும் இரத்தமும் கலந்து போகத் தொடங்கி, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும் அளவுக்குக் கடுப்பு வந்த பின்னர்தான் ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். மலத்தைச் சோதித்ததில், இரத்த அணுக்களை விழுங்கிய நிலையில் அமீபா காணப்பட்டதாக அறிக்கை வந்தது.

மெட்ரோனிடசோல் 400 மில்லிகிராம் மாத்திரையை வேளைக்கு இரண்டாக, நாளுக்கு மூன்று வேளை, ஏழு நாள்கள் சாப்பிட வேண்டும் என்றும், அது முடிந்ததும் டைலாக்சனைடு ஃபியூரோயேட் என்ற வேறொரு மாத்திரையைப் பத்து நாள்கள் சாப்பிட வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தார். மூன்று நாள்கள் ஒழுங்காகச் சாப்பிட்டார். இரண்டாம் நாளிலேயே இரத்தம் நின்றுவிட்டது. மூன்றாம் நாள் வயிறு முழுவதும் அமர்ந்துவிட்டது. ஆனால் நேற்று இரவு மாத்திரையைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். செம்புக் காசை நாக்கில் வைத்தது போல வாய் முழுவதும் ஒரு ருசி இருக்கிறதாம். அம்மா ஆசையாகச் செய்த சொதியைக் கூட ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது என்று வேறு பயந்துபோயிருக்கிறார். ஈரலைக் கெடுக்கிற மருந்து என்று பக்கத்து வீட்டில் யாரோ சொன்னதும் அந்தப் பயம் இரட்டிப்பாகிவிட்டது.

மற்ற விவரங்களையும் சொல்லிவிடுகிறேன். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு அப்பாவுக்கு இதய வால்வு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. செயற்கை உலோக வால்வு வைத்திருக்கிறார்கள். அதில் இரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் வார்ஃபரின் என்ற மாத்திரை சாப்பிடுகிறார். அந்த மாத்திரை எப்போதும் உண்டு என்பதால் வயிற்றுக்குப் பார்த்த மருத்துவரிடம் அதைத் தனியாகச் சொல்ல எங்களுக்குத் தோன்றவில்லை. செரிமானத்துக்காக இரவில் ஓர் அரிஷ்டமும் குடிப்பார். இன்று காலை பல் துலக்கும்போது ஈறில் கொஞ்சம் இரத்தம் வந்தது. புதுத் தூரிகை என்பதால் இருக்கும்.

என் கேள்வி இதுதான்: வயிறு சரியாகிவிட்ட பிறகும் ஏழு நாள்களை முடிக்கத்தான் வேண்டுமா? அதற்கு மேல் அந்தப் பத்து நாள் மாத்திரையும் தேவையா? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் அப்பாவிடம் எடுத்துச் சொல்ல எனக்கு உதவியாக இருக்கும்.

பாளை மருந்தாளுநர் எழுதியது:

டீச்சர், நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் பிறகு இருக்கட்டும். கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிற இரண்டு செய்திகள்தான் இப்போது முக்கியம். வார்ஃபரின் சாப்பிடுகிறவர் மெட்ரோனிடசோலும் சாப்பிட்டால், வார்ஃபரின் ஈரலில் சிதைந்து வெளியேறுவது மட்டுப்படும். அளவு மாறாமலே அதன் வேலை கூடி, இரத்தம் தேவைக்கு மேல் நீர்த்துவிடும். ஈறில் வந்த இரத்தத்துக்குத் தூரிகையைக் குறை சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள்.

இன்று மாலைக்குள் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்துவிடுங்கள். இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் சோதனை அது; எண் கூடினால் தாமதம் கூடுகிறது என்று பொருள். வால்வுக்காக அவரை வழக்கமாகப் பார்க்கும் இதய மருத்துவரைத் தொலைபேசியிலாவது பிடித்து, என்ன மாத்திரை, எத்தனை நாள், எந்த அளவில் சாப்பிட்டார் என்று சொல்லுங்கள். மலம் கறுத்துப் போனாலோ, உடம்பில் காரணமில்லாமல் கன்றிய நீலத் தடம் தெரிந்தாலோ, கடுமையான தலைவலி வந்தாலோ பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அதே நேரத்தில், வார்ஃபரினை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது. உலோக வால்வில் இரத்தம் உறைந்தால் அது இதைவிடப் பெரிய ஆபத்து. கூட்டுவதையும் குறைப்பதையும் மருத்துவர் சொல்லட்டும். அரிஷ்டத்தை மட்டும் இன்றே எடுத்து வைத்துவிடுங்கள். அரிஷ்டம் என்றாலே நொதிக்க வைத்துச் செய்வதுதான். அதில் தானாக விளைந்த சாராயச் சத்து இருக்கிறது. அதுவும் இந்த மாத்திரையும் சேரக் கூடாது.

கடையை அடைத்துவிட்டு வந்து மற்றதை எழுதுகிறேன்.

மேலப்பாளையம் சகோதரி எழுதியது:

அண்ணாச்சி சொன்னதை முதலில் செய்துவிடுங்கள். பிறகு, பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று உங்கள் அப்பாவிடம் சொல்ல எங்கள் வீட்டுக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பிக்கு அப்போது 31 வயது. வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்திருந்தான். வந்த இரண்டாம் வாரத்தில் சீதபேதி கண்டது. உங்கள் அப்பாவுக்கு எழுதிய இதே மெட்ரோனிடசோலைத்தான் அவனுக்கும் எழுதினார்கள். மூன்று நாள் சாப்பிட்டான், வயிறு நின்றது, கல்யாண வீட்டு பிரியாணிக்கு வாய் கசக்கிறது என்று மீதியை அலமாரியில் போட்டுவிட்டான். அடுத்து சாப்பிட வேண்டிய மாத்திரையை வாங்கவே இல்லை. விடுப்பு முடியப் பத்து நாள் இருக்கும்போது மாலையானால் காய்ச்சல் வரத் தொடங்கியது. குளிர் எடுத்து நடுங்குவான், விடியும்போது வேர்த்து இறங்கிவிடும். வயிறு அப்போது சுத்தமாகச் சரியாக இருந்தது. ஒரு தடவை கூடக் கழிச்சல் இல்லை. அதனால் யாருக்கும் வயிற்றின் மேல் சந்தேகம் வரவில்லை. டைஃபாய்டு என்று ஒருவர் சொன்னார், மலேரியா என்று இன்னொருவர் இரத்தம் எடுத்தார். வலது தோள்பட்டை வலிக்கிறது என்று அவன் சொன்னபோது, தைலம் தேய்த்துவிட்டவள் நான்தான்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வயிற்றை ஸ்கேன் செய்து பார்த்தபோது, ஈரலின் வலப்பக்கத்தில் ஒரு பெரிய சீழ்க்கட்டி. அமீபா குடல் சுவரைத் துளைத்து, இரத்தத்தோடு ஈரலுக்குப் போய்த் தங்கியிருக்கிறது. கட்டி மிகவும் பெரிதாகிவிட்டதால் மருந்தோடு சேர்த்து அதை வடிக்கவும் வேண்டும் என்றார்கள். ஊசி போட்டு எடுத்ததைக் கண்ணாடிக் குப்பியில் கொண்டுபோகும்போது பார்த்தேன். மஞ்சள் சீழாக இருக்கும் என்றுதான் எண்ணியிருந்தேன்; கருப்பட்டியைக் காய்ச்சி இறக்கிய பாகு போல, கருஞ்சிவப்பாக, கெட்டியாக இருந்தது. அந்த நிறம் இன்னமும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் கட்டி குடிப்பவர்களுக்குத்தான் வரும் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு. ஆயுளில் ஒரு சொட்டுத் தொடாத பிள்ளை; அவனைப் பார்க்க வந்தவர்கள் கூட அந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் வந்தார்கள். நோயை விட அதுதான் என் தாயாரை அதிகம் வருத்தியது. இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து அப்படி ஒரு வீட்டுக்குள் நுழையாதீர்கள்.

சேரன்மகாதேவி மருத்துவர் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு, ஐ.என்.ஆர். பற்றி மருந்தாளுநர் எழுதியது முழுவதும் சரி. அதனுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். பத்து நாள்களுக்கு மேலாக அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. கீரை, காய்கறி உள்ளே போயிருக்காது. வார்ஃபரினின் வேலையை மட்டுப்படுத்தும் வைட்டமின் கே உணவிலிருந்து கிடைப்பது குறைந்திருக்கும். ஆகவே, ஐ.என்.ஆர். அளவு இரண்டு பக்கத்திலிருந்தும் ஏறியிருக்க வாய்ப்பு உண்டு. மெட்ரோனிடசோல் முடிந்த பிறகு அது மறுபடி இறங்கும் என்பதால், மாத்திரை நின்று ஒரு வாரம் கழித்தும் ஒருமுறை பார்க்க வேண்டும். இந்தப் பின்பாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மாத்திரையாக விழுங்கும் மெட்ரோனிடசோல், அந்த நிலையில் எதையும் கொல்லாது. உயிர்வளி (ஆக்சிஜன்) இல்லாத இடத்தில் வாழும் கிருமிகள் தங்களுக்குச் சக்தி உண்டாக்கிக்கொள்ளும் வழியில் எலக்ட்ரான்களைக் கைமாற்றும் புரதங்கள் சில இருக்கின்றன. மருந்தின் மூலக்கூற்றில் உள்ள நைட்ரோ தொகுதி அந்த எலக்ட்ரான்களைப் பெற்றதும்தான் வீரியம் பெறுகிறது; பெற்ற உடனே அக்கிருமியின் மரபுப் பொருளான டி.என்.ஏ.வைச் சிதைக்கிறது. உயிர்வளியோடு வாழும் நம் அணுக்களில் இந்த மாற்றம் நிகழ்வது மிகவும் குறைவு. அமீபா, ஜியார்டியா, டிரைக்கோமோனாஸ் போன்ற ஓரணு உயிர்களையும், குடலிலும் பல் இடுக்கிலும் வாழும் உயிர்வளி வேண்டாத பாக்டீரியாக்களையும் ஒரே மருந்து தாக்குவதற்கு இதுதான் காரணம். இருவகைக் கிருமிகளும் இனத்தால் வெகு தொலைவில் இருந்தாலும், மூச்சில்லாமல் பிழைக்கும் அந்த ஒரு வழியில் ஒத்துப்போகின்றன.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இரத்தபேதி என்றதும் இந்த மாத்திரையை நினைக்கிறார்கள். ஆனால் காய்ச்சலோடு வரும் இரத்தபேதிக்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கும் ஷிகெல்லா என்ற பாக்டீரியாவுக்கு உயிர்வளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாழத் தெரியும். அதனிடம் மெட்ரோனிடசோல் பலிக்காது. குழந்தைகளுக்கு இரத்தத்துடன் போனால் முதலில் ஷிகெல்லாவை எண்ணித்தான் மருத்துவம் தொடங்க வேண்டும். உங்கள் அப்பாவுக்கு மலச் சோதனையில் இரத்த அணுக்களை விழுங்கிய அமீபா தெரிந்திருக்கிறது. அதனால் அவருக்கு இந்த மருந்து பொருத்தமானது. உறைக்குள் அடங்கிக் கிடக்கும் அமீபா, அதாவது சிஸ்ட், மட்டும் தெரிந்திருந்தால் நான் சற்றுத் தயங்கியிருப்பேன். ஏனென்றால், தீங்கில்லாத இன்னொரு அமீபாவும் நுண்ணோக்கியில் அச்சு அசலாக அப்படித்தான் தெரியும்.

ஏழு நாள் ஏன் என்றால், வலி நிற்பது வேறு, குடல் சுவருக்குள் புகுந்த அமீபா ஒழிவது வேறு. உடம்பில் ஏறிய மருந்தின் அளவு ஏறக்குறைய எட்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். நாளுக்கு மூன்று வேளை என்பது அந்தக் கணக்கில் வந்தது. ஒரு வேளை தவறினாலே புண்ணுக்குள் இருக்கும் கிருமிக்கு மூச்சுவிட இடம் கிடைத்துவிடும்.

டைலாக்சனைடு ஏன் என்பதுதான் இன்னும் முக்கியம். மெட்ரோனிடசோல் வாய் வழியாகப் போனால் கிட்டத்தட்ட முழுவதும் குடலில் உறிஞ்சப்பட்டு இரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. ஊசி வழியாகப் போடுவதற்கு இணையாக மாத்திரையே வேலை செய்வது அதனால்தான். ஆனால் அதே காரணத்தால், பெருங்குடலின் உள்வெளியில் மலத்தோடு கிடக்கும் அமீபாவுக்கும் சிஸ்ட்டுகளுக்கும் போதிய மருந்து போய்ச் சேர்வதில்லை. இந்த வகை மருந்தை மட்டும் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 40 முதல் 60 பேர் வரை குடலில் கிருமி தங்கிவிடுவதாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன. டைலாக்சனைடு குடலுக்குள்ளேயே நின்று வேலை செய்யும் மருந்து. 500 மில்லிகிராம் மாத்திரையை நாளுக்கு மூன்று வேளை, பத்து நாள் சாப்பிட வேண்டும். சிலருக்கு வயிற்றில் வாயு சேருமே தவிர, பெரிய தொந்தரவு இராது. அதைச் சாப்பிடாமல் விட்டால் நோய் திரும்பலாம் என்பதோடு, அப்பா வழியாக வீட்டில் மற்றவர்களுக்கும் பரவலாம்.

அவர் பயப்படும் இரண்டும் பயப்படத்தக்கவை அல்ல. நாக்கில் தெரியும் உலோக ருசி இந்த மருந்தைச் சாப்பிடும் பலருக்கும் வருவதுதான். மாத்திரை முடிந்த சில நாளில் போய்விடும். சாப்பாட்டுடனோ சாப்பிட்டவுடனோ மாத்திரையைப் போட்டால் குமட்டல் குறையும். சிறுநீரின் கருநிறம் மருந்து உடைந்து வெளியேறுவதால் வருகிறது. கண்ணின் வெள்ளைப் பகுதி மஞ்சளாகாமல், மேல்வயிறு வலிக்காமல், நிறம் மட்டும் மாறினால் அது ஈரல் கெடுவதன் அடையாளம் அன்று. ஆனால் வார்ஃபரின் சாப்பிடுகிறவர் என்பதால், அது மருந்தின் நிறம்தானா, இரத்தம் கலந்திருக்கிறதா என்பதை ஐ.என்.ஆர். பார்க்கும்போதே சிறுநீரையும் சோதித்து உறுதிசெய்துகொள்ளுங்கள். கால் விரல்களில் ஊசி குத்துவது போன்ற மதமதப்பு, நடையில் தள்ளாட்டம், வலிப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் வர வேண்டும். அவை பெரும்பாலும் வாரக் கணக்கில் நீடித்துச் சாப்பிடுகிறவர்களுக்கு வருபவை.

எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் நெடுங்காலம் கொடுத்தபோது கட்டிகள் உண்டானதால், புற்றுநோய் பற்றிய எச்சரிக்கை இந்த மருந்துக்கு உண்டு. ஏழு நாள் சாப்பிடும் மனிதருக்கு அப்படி நேர்வதாக நிறுவப்படவில்லை. இருந்தாலும், தேவையில்லாமல் ஒரு மாத்திரை கூட விழுங்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

மேலப்பாளையம் சகோதரி எழுதியதைப் படித்து மனம் கனத்தது. அந்தச் சீழுக்கு ஆங்கிலப் பாட நூல்களில் நெத்திலி மீன் குழம்பின் நிறத்தைத்தான் உவமை சொல்வார்கள். கருப்பட்டிப் பாகு என்பது நம் மாணவர்களுக்கு இன்னும் எளிதில் விளங்கும். குடிப்பவர்களிடையே, குறிப்பாக நடுவயது ஆண்களிடையே, இது பல மடங்கு கூடுதலாகக் காணப்படுவது உண்மை. ஆனால் குடியில்லாத எத்தனையோ பேருக்கு நானே மருத்துவம் செய்திருக்கிறேன். நோயாளியின் ஒழுக்கத்தைப் பற்றி அந்தக் கட்டியிலிருந்து யாரும் எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

வீரவநல்லூர் வாசகர் எழுதியது:

டாக்டருக்கு நன்றி. எங்கள் வீட்டில் ஐந்து வயது மகனுக்குக் கழிச்சல் கண்டால், கடையில் கேட்டு ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த சிரப்பை வாங்கி ஊற்றுவது வழக்கமாகிவிட்டது. மறுநாளோ அதற்கு மறுநாளோ சரியாகிவிடுகிறது. போன மாதம் வாங்கியதில் அரைக் குப்பி மீதி இருக்கிறது. இந்த ஆர்னிடசோலும் மெட்ரோனிடசோலும் ஒன்றா? மீதியை வைத்துக்கொள்ளலாமா?

பாளை மருந்தாளுநர் எழுதியது:

தம்பி, ஆர்னிடசோல், டினிடசோல், செக்னிடசோல் எல்லாம் மெட்ரோனிடசோலின் உடன்பிறப்புகள். உடம்பில் தங்கும் நேரத்தில் வேறுபாடு உண்டு, வேலை ஒன்றுதான். அந்தக் குப்பியைப் பற்றிச் சொல்வதற்கு முன்பு, மகனுக்கு ஏன் மறுநாள் சரியானது என்று சொல்கிறேன். சிறுபிள்ளைகளுக்கு வரும் தண்ணீர்க் கழிச்சலில் பெரும்பகுதி வைரஸால் வருவது. அது தானாகவே சில நாளில் நின்றுவிடும். நீங்கள் சிரப் கொடுத்த நேரமும் அது நிற்கும் நேரமும் ஒன்றாக அமைந்தன. பெயர் சிரப்புக்குப் போயிற்று. அந்தப் பிள்ளைக்குத் தேவைப்பட்டது உப்புச் சர்க்கரைக் கரைசலும் துத்தநாகமும்தான். துத்தநாகம் 20 மில்லிகிராம் வீதம் 14 நாள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையானால் 10 மில்லிகிராம். கரைசல் பொட்டலம் வாங்கும்போது அது ஒரு லிட்டருக்கு உரியதா, 200 மில்லிக்கு உரியதா என்று பார்த்து, சொன்ன அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள். பெரிய பொட்டலத்தைப் பிரித்துத் தம்ளர் தம்ளராகக் கண்ணளவில் கலக்குவதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். அது உப்புக் கூடிப் பிள்ளைக்கே கேடாகும்.

மீதிக் குப்பியைக் கொட்டிவிடுங்கள். இவையெல்லாம் எச் பட்டியல் மருந்துகள். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று உறையிலேயே சிவப்புக் கோடு போட்டு எழுதியிருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கவுண்டருக்குப் பின்னால் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், எங்கள் தொழிலில் இருக்கும் பிழையும் இதில் உண்டு. வாசலில் நின்றுகொண்டு, "அண்ணாச்சி, வயித்தால போகுது, எதாவது குடுங்க" என்று ஒருவர் கேட்கும்போது, சீட்டு எங்கே என்று திருப்பிக் கேட்க எனக்கே பல ஆண்டுகள் வாய் வரவில்லை. இப்போது கேட்கிறேன். கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறவர்களும் உண்டு.

குழந்தைக்கு உண்மையாகவே ஜியார்டியாவோ அமீபாவோ இருந்து மருத்துவர் மெட்ரோனிடசோல் எழுதினால், சிரப்பில் பென்சோயேட் வடிவத்தில் வரும். மாத்திரையின் கசப்பைப் பிள்ளைகள் தாங்க மாட்டார்கள் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். மாத்திரையைச் சாப்பாட்டுடன் போட வேண்டும். அந்தச் சிரப்பை மட்டும் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும். குப்பியை நன்றாகக் குலுக்காமல் ஊற்றினால் முதல் நாள் தண்ணீரும் கடைசி நாள் மருந்துமாகப் பிள்ளை குடிக்கும்.

டீச்சர், அப்பா இந்த மாத்திரையைக் கண்டு பயப்படுகிறார் என்றதால் இதன் வரலாற்றையும் கொஞ்சம் சொல்கிறேன். இது வருவதற்கு முன்பு அமீபா நோய்க்கு எமெட்டின் ஊசிதான் மருந்து. தென்னமெரிக்கச் செடி ஒன்றின் வேரிலிருந்து எடுப்பது. வீரியமான மருந்துதான், ஆனால் இதயத்தைத் தாக்கும். நோயாளியைக் கட்டிலை விட்டு இறங்க விடாமல் படுக்க வைத்துப் போடுவார்கள். வால்வு மாற்றிய ஒருவருக்கு அதை நினைத்துப் பார்க்கவே முடியாது. 1953-இல் ஜப்பானில் மண்வாழ் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து அசோமைசின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதன் அமைப்பை அடியொற்றி, பிரான்சின் ரோன் பூலாங்க் நிறுவனத்து ஆய்வாளர்கள் பல சேர்மங்களைச் செய்து பார்த்ததில் கிடைத்ததுதான் மெட்ரோனிடசோல். 1959 முதல் பெண்களுக்கு வரும் டிரைக்கோமோனாஸ் தொற்றுக்கு அதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். பாக்டீரியாவையும் கொல்லும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1962-இல் லண்டனில், அந்தத் தொற்றுக்காக இந்த மாத்திரையைச் சாப்பிட்ட ஒரு பெண், தன்னுடைய ஈறுப் புண்ணும் சேர்ந்தே ஆறிவிட்டதைச் சொல்ல, ஷின் என்ற பல் மருத்துவர் அதை எழுதி வெளியிட்டார். ஒரு நோயாளி தன் வாயில் கண்டதைச் சொன்னதும், அதை ஒரு மருத்துவர் காது கொடுத்துக் கேட்டதும் சேர்ந்துதான் மருந்தின் மறுபாதியைத் திறந்தன. 1966-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர மருத்துவர்கள் அமீபா பேதிக்கும் ஈரல் கட்டிக்கும் இது பலிப்பதை வெளியிட்ட பிறகு, எமெட்டின் ஊசி மெல்ல மெல்ல ஓய்ந்தது.

ஒன்று விட்டுப்போயிற்று. அமீபாவின் சிஸ்ட், குழாய்த் தண்ணீரில் வழக்கமாகக் கலக்கும் குளோரினுக்குச் சாகாது. கொதிக்க வைத்தால் சாகும். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு இறக்குங்கள், இளஞ்சூட்டில் எடுத்துவிடாதீர்கள். அப்பா ஆற்றில் குளிக்கும் வழக்கம் உள்ளவரா?

அம்பை ஆசிரியை எழுதியது:

அண்ணாச்சி, டாக்டர், சகோதரி, உங்கள் மூவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நான்கு நாள் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் மறுமொழியைப் படித்த உடனே அப்பாவை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய் இரத்தம் கொடுத்தோம். ஐ.என்.ஆர். 5.1 என்று வந்தது. அவருக்கு 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும் என்று அட்டையில் எழுதியிருக்கிறது. போன மாதம் 2.9 இருந்தது. சிறுநீரையும் சோதித்தோம், இரத்தம் இல்லை, மருந்தின் நிறம்தான். இதய மருத்துவர் அன்றிரவே எங்களை வரச் சொல்லிப் பார்த்தார். வார்ஃபரினை எத்தனை வேளை விட வேண்டும், பிறகு எந்த அளவில் தொடங்க வேண்டும் என்று அட்டையில் தேதி போட்டு எழுதிக் கொடுத்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் பரிசோதனை. வயிற்றுக்குப் பார்த்த மருத்துவரிடமும் அவரே பேசி, மெட்ரோனிடசோலை மீண்டும் தொடங்கி ஏழு நாள் கணக்கை முடிக்கலாம் என்று இருவருமாக முடிவு செய்தார்கள். நேற்று 3.4-க்கு இறங்கிவிட்டது. ஈறில் இரத்தம் நின்றுவிட்டது.

அப்பாவிடம் சகோதரியின் தம்பியைப் பற்றிப் படித்துக் காட்டினேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கருப்பட்டிப் பாகு என்ற இடம் வந்ததும், போதும், மாத்திரையை எடு என்றார். அன்றிலிருந்து வாய் கசப்பதைப் பற்றிப் பேச்சில்லை. சொதியை மட்டும் அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறார். டைலாக்சனைடு முப்பது மாத்திரையையும் முன்கூட்டியே வாங்கி, அட்டையில் வேளைக் கணக்கு எழுதி வைத்துவிட்டேன்.

அண்ணாச்சி கேட்டதற்குப் பதில்: ஆம். ஐம்பது ஆண்டுகளாக விடியுமுன் படித்துறைக்குப் போய்க் குளித்து, தாமிரபரணித் தண்ணீரிலேயே வாய் கொப்பளித்து, ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டுத்தான் கரையேறுவார். பாபநாசத்திலிருந்து வருகிற தண்ணீருக்கு என்ன குறை என்பார். குளிப்பதை விடச் சொன்னால் உடைந்துபோவார் என்பதால் அதை நான் கேட்கவில்லை. கொப்பளிக்கவும் குடிக்கவும் வீட்டில் கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரைச் செம்பில் கொண்டுபோவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். இன்று காலை செம்பை மறந்துவிட்டுக் கிளம்பி, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார்.